மரியாதைதான் சார் வியாதி

எங்கள் ஊர்ப் பக்கம் இல்லாதவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'ஏட்டி' என்பது திட்டு இல்லை. ராஜபாளையத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பெண்களை உரிமையோடு கூப்பிடுகிற வார்த்தை அது. அம்மா மகளைக் கூப்பிடுவாள், சிநேகிதி சிநேகிதியைக் கூப்பிடுவாள், புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிடுவான். உரிமை இல்லாதவன் கூப்பிட்டால் மட்டும் செருப்பு பறக்கும். என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டி கல்யாணமான மறுநாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிட்டார். மாரீஸ்வரி என்று எனக்கு ஒரு பேர் இருப்பது ஆதார் கார்டைப் பார்த்தால்தான் அவருக்கு ஞாபகம் வரும். நான் பதிலுக்கு 'என்னங்க' என்பேன். அவர் 'ஏட்டி', நான் 'என்னங்க'. மகள் பவித்ரா காலேஜ் போகிற வயது வரைக்கும் இந்த ஏற்பாடு சிக்கல் இல்லாமல் ஓடியது.

அந்த 'ஏட்டி' அவர் மண்டைக்குள் எங்கே இருந்தது, எப்படிக் காணாமல் போனது என்று தெரிந்துகொள்ள நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து கேட்ட கேள்விகளைத்தான் எழுதப் போகிறேன். எனக்குக் கேள்வி கேட்கிற வியாதி சின்ன வயசிலிருந்தே உண்டு. டாக்டர்கள் பாவம்.

என் வீட்டுக்காரர் தறி மெக்கானிக். நாங்கள் இருக்கிற செட்டியார்பட்டியைச் சுற்றி பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் நிறைய. நானும் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிற இடத்தில் சூப்பர்வைசர். அன்றைக்கு கிருஷ்ணன்கோவிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தறியைப் பார்த்துவிட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார். ரோட்டில் பாதிக்கு மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். டயர் அதில் ஏறி வழுக்கிவிட்டது. ஹெல்மெட்? பத்திரமாக ஹேண்டில்பாரில் தொங்கியது. ஒரு கீறல் இல்லை அதற்கு.

108 வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது உடம்பில் பெரிய காயம் எதுவுமே இல்லை. முழங்கையில் சிராய்ப்பு, காதோரம் கொஞ்சம் ரத்தம். ஆள் தூங்குகிற மாதிரி கிடந்தார். அப்பாடா, ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். டியூட்டி டாக்டர் அவர் நெஞ்சில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தார். கண் திறக்கவில்லை. ஏதோ முனகினார். நகத்தை அழுத்தியபோது கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். டாக்டர் நர்சிடம், "ஏழு" என்றார்.

"எதுக்கு சார் ஏழு?" என்றேன்.

அந்த அவசரத்திலும் அந்த மனுஷன் சொன்னார். கண் திறப்பதற்கு, பேசுவதற்கு, கைகால் அசைப்பதற்கு என்று தனித்தனியாக மார்க் போடுவார்களாம். மொத்தம் பதினைந்து. நீங்களும் நானும் பதினைந்து. எட்டோ அதற்குக் கீழேயோ என்றால் தலைக்காயம் கடுமையானது. ஒன்றுமே செய்யாதவருக்கும் மூன்று மார்க் உண்டாம். அப்படியானால் ஒரு கல்லைக் கொண்டுவந்து படுக்க வைத்தாலும் மூன்று கிடைக்குமே என்று யோசித்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்காதீர்கள். பயத்தில் அழுகிறவர்கள் உண்டு. நான் கணக்குப் பார்ப்பேன். என் புருஷனுக்கும் கல்லுக்கும் நாலு மார்க் வித்தியாசம்.

ஸ்கேனில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே ரத்தம் கட்டியிருந்தது. மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே பெரிய டாக்டர் ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். காலில் அடிபட்டால் வீங்கும், வீங்குவதற்கு இடம் இருக்கிறது. மூளை வீங்கினால் போவதற்கு இடமில்லை, சுற்றிலும் எலும்பு. அதனால் அந்த எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மூளை வீங்கி வற்றுவதற்கு இடம் கொடுப்பார்களாம்.

"எடுத்த எலும்ப என்ன சார் செய்வீக?"

"அவர் வயித்துலயே தோலுக்கு அடியில வச்சுத் தச்சிருவோம். கெட்டுப்போகாது. வீக்கம் வத்துன பொறவு எடுத்து மாட்டிக்கலாம்."

பவித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்பா வயித்துக்குள்ள அப்பா மண்டையா?" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிரித்தோம். பக்கத்தில் இருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். பிறகு அவள் அழுதாள், அவளைப் பார்த்து நானும் அழுதேன்.

ஐ.சி.யூ.வில் முதல் தடவை பார்க்கவிட்டபோது தலை முழுக்கக் கட்டு. நான் கட்டுத் துணியைத்தான் பார்த்தேன். இழை நெருக்கத்தைப் பார்த்தால் எங்கள் பக்கத்துத் துணிதான். வேலை வேலை என்று மடித்துக் கட்டி அனுப்புகிறோம், யார் தலைக்குப் போகும் என்று ஒருநாளாவது நினைத்ததுண்டா?

சினிமாவில் கோமாவிலிருந்து எழுபவர் சட்டென்று கண்ணைத் திறந்து "நான் எங்கே இருக்கேன்?" என்பார். சத்தியமாகச் சொல்கிறேன், அதெல்லாம் சுத்தப் பொய். என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தபோது நான் ஓடிப்போய் நர்சைக் கூப்பிட்டேன். "கண்ணு தொறக்குறது வேறக்கா, முழிக்குறது வேற" என்றாள் அந்தப் பெண். உண்மைதான். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தது. கொஞ்ச நாள் கழித்துத்தான் அந்தக் கண் நான் நகர்ந்தால் கூடவே நகர ஆரம்பித்தது. பிறகு "கைய அழுத்துங்க" என்றால் அழுத்தினார். பேச்சு மட்டும் இல்லை. தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். மூச்சு அந்த வழியாகவே போய்விடுவதால் குரல் நாணுக்குக் காற்று வராதாம். குழாயை எடுத்து ஓட்டையை மூடினால் பேச்சு வரலாம், வரும்போது தெரியும் என்றார்கள்.

நான் அந்த நாளுக்காகக் காத்திருந்தேன். என்ன சொல்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். 'ஏட்டி, எங்கட்டி போன?' என்பார். இல்லாவிட்டால் 'ஏட்டி, பைக் எங்க?' என்பார்.

குழாயை எடுத்தார்கள். மறுநாள் காலையில் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கரகரவென்று ஒரு குரல்.

"ஏங்க, செத்த தண்ணி தாரீகளா?"

எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

வாயெல்லாம் பல்லாகத் தண்ணீர் கொடுத்தேன். பேசிவிட்டாரே, அது போதாதா? மயக்கம் தெளியவில்லை, நர்ஸ் என்று நினைத்துவிட்டார் என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். சாயங்காலம் டாக்டர் வந்து என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரி. மாரீஸ்வரி" என்றார் பளிச்சென்று. எல்லாருக்கும் சந்தோஷம். டாக்டர் போனதும் என்னிடம் திரும்பி, "நீங்க சாப்ட்டீகளா?" என்றார்.

அடுத்த ஆச்சரியம் அவர் சொன்ன கதைகள். கட்டிலில் சிறுநீர்க் குழாயோடு படுத்துக்கொண்டு, "காலைல சத்திரப்பட்டிக்குப் போயி ரெண்டு தறி பாத்துட்டு இப்பத்தான் வாரேன்" என்பார். தறிக்காரர் டீ வாங்கிக் கொடுத்தாராம், டீயில் சீனி கூடவாம். எனக்கு ஒரே திகில், பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று. அது பொய்யும் இல்லை, பைத்தியமும் இல்லை என்று டாக்டர் விளக்கினார். அடிபட்ட மூளையால் அன்றன்றைக்கு நடப்பதைப் பிடித்து வைக்க முடியாது. 'காலையில் என்ன செய்தாய்' என்று கேட்டால் உள்ளே வெற்றிடம். மூளைக்கு வெற்றிடம் பிடிக்காது, பழைய சரக்கை எடுத்து அதில் அடைத்துவிடும். சொல்கிறவருக்கு அது நிஜம். அதனால் சண்டை போடக்கூடாது. நானும் "சீனி கூடன்னா சொல்ல வேண்டியதுதான?" என்று கேட்க ஆரம்பித்தேன். "எப்படிங்க சொல்றது, பாவம், வருத்தப்படுவாருல்ல" என்றார். பழைய தங்கப்பாண்டி டீக்கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருப்பார்.

கதைகள் மெல்ல மெல்ல நின்றன. நடை வந்தது. செட்டியார்பட்டிக்கு வந்து சேர்ந்தோம். வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மூக்கு செத்துவிட்டது. நெற்றிக்கு அடியில் எலும்பின் சின்னச் சின்னத் துளைகள் வழியாக வாசனை நரம்புகள் போகின்றன, தலை குலுங்கினால் அறுந்துவிடும் என்றார்கள். ஒருநாள் ஊசிப்போன சாம்பாரை ஊற்றி நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம், உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். எழுந்திருங்க என்றால் எழுந்திருப்பார். குளிங்க என்றால் குளிப்பார். முன்பெல்லாம் தெருவில் ஒரு தறி சத்தம் மாறினால் எட்டிப் பார்க்கிற ஆள்.

இதெல்லாம் மற்றவர்கள் கண்ணுக்குப் படவில்லை. பட்டது ஒன்றுதான். பார்க்க வந்தவர்கள் எல்லோரையும் "வாங்க, இருங்க" என்றார். பவித்ராவைக்கூட "வாங்கம்மா" என்றார். என்னைப் பற்றி அடுத்தவரிடம் பேசினால் "இவுக" என்றார். என் நாத்தனார், அவருடைய அக்கா முத்துலட்சுமி, கூமாப்பட்டியிலிருந்து வந்து எங்களோடு தங்கிச் சமைத்துப்போட்ட புண்ணியவதி, அவளுக்கு இது தாங்க முடியாத சந்தோஷம்.

"ஏட்டி மாரி, எம்புட்டு மரியாதையா பேசுதான் பாத்தியா! தலையில அடிபட்டு ஆளு தங்கமா மாறிட்டான். நீ குடுத்து வச்சவ."

"மதினி, எனக்கு இந்தத் தங்கம் வேண்டாம். பழைய பித்தளையே போதும்."

"போ ஏட்டி, கூறுகெட்டவளே" என்றாள்.

பாருங்கள், 'ஏட்டி' என்று கூப்பிட ஊரில் ஆளுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் ராத்திரி பாயை விரித்துவிட்டு, "நீங்க இந்தப் பக்கம் படுத்துக்கிடுதீகளா?" என்று என் வீட்டுக்காரர் கேட்கும்போது நான் பாயைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவேன். ஆள் உயிரோடு இருக்கிறார். நடக்கிறார். என் பேர் தெரிகிறது. ஆனால் நான் அவருக்கு யாரோ. மிச்சமுள்ள காலம் முழுக்க ஒரு நல்ல விருந்தாளியோடு குடித்தனம் நடத்த வேண்டுமோ என்று பயந்தேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிளினிக்குக்கு வாரம் ஒருநாள் நரம்பு டாக்டர் வருவார். வயசு குறைவு, கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். கையைத் தூக்கச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார்.

"கோவப்படறாருங்களா? அடிக்க வர்றாருங்களா? கெட்ட வார்த்தை?"

"இல்ல சார். ரொம்ப மரியாதையாப் பேசுதாரு."

"ரொம்ப நல்லதுங்க" என்று எழுதப் போனார்.

"சார், மரியாதைதான் சார் வியாதி" என்றேன்.

பேனா நின்றது. "என்னங்க சொல்றீங்க? எங்க ஊர்ல எல்லாருமே இப்படித்தானுங்க பேசுவாங்க. எங்கப்பா எங்கம்மாவை வாங்க போங்கன்னுதானுங்க கூப்பிடுவாரு."

அதுதான் விஷயம். அவர் ஊரில் 'ங்க' என்பது பிரியம். எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டியிடம் 'ங்க' போட்டால் ஒன்று சண்டை, இல்லாவிட்டால் கிண்டல். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கைகட்டி உட்கார்ந்திருந்தார். டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு போய்விட்டது. அவர் நாற்காலியை எனக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது எனக்குத் தெரியாதுங்க. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு" என்றார். ஒரு முகத்தைப் பார்த்து இது இன்னார் என்று தெரிந்துகொள்வது ஒரு வேலை. இவள் நம்மவள் என்று உள்ளே சூடு பரவுவது வேறொரு வேலை. மூளையில் இரண்டுக்கும் பாதை வேறு வேறு. முதல் பாதை பிழைத்து இரண்டாவது அடிபட்டால், அடையாளம் தெரியும், நெருக்கம் தெரியாது. அதோடு நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பாகம் அடிபட்டால் தானாக ஒன்றைத் தொடங்குகிற உந்துதல் போய்விடும். "மோட்டார் நல்லாத்தானுங்க இருக்குது, ஸ்டார்ட்டர்தான் அடிவாங்கியிருக்குது" என்றார். மெக்கானிக் பெண்டாட்டிக்கு அது நன்றாகவே புரிந்தது.

"அந்த வார்த்தை அழிஞ்சே போச்சா சார்?"

"சொல்ல முடியாதுங்க. யோசிச்சுப் பேசற பேச்சு வேற, தன்னால வர்ற பேச்சு வேற. கால்ல கல்லு இடிச்சா 'ஐயோ'ன்னு வருது பாருங்க, அதைத் தேடி எடுக்கறதில்லீங்க. உங்க வார்த்தை அந்தப் பக்கம் ஒளிஞ்சிருக்கலாம். வரலாம், வராமலும் போலாம். சொல்லிக் குடுத்து வர வச்சா, அது உங்களுக்கே பிடிக்காதுங்க."

மனுஷன் கரெக்டாகச் சொன்னார். இதை நான் என் நாத்தனாரிடம் சொல்லாமல் விட்டதுதான் வினையாகப் போயிற்று. நான் முகம் வாடித் திரிவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனசு பொறுக்கவில்லை போல. ஒருநாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் அவர் வந்து நின்றார். பின்னால் முத்துலட்சுமி மதினி.

"ஏட்டி" என்றார்.

என் கையிலிருந்த கரண்டி மாவுச்சட்டிக்குள் விழுந்தது.

"அப்படித்தான கூப்பிடணும்? அக்கா சொல்லிக் குடுத்தாக. சரியாச் சொன்னேனாங்க?"

மதினியின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அவளை என்ன சொல்ல முடியும்? "சரியாச் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு, கொல்லையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆபரேஷன் நடந்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. பின்னாலேயே மதினி வந்து, "நான் ஏதும் தப்பு செஞ்சிட்டனாட்டி?" என்று கேட்டு அவளும் அழுதாள். தோசை கருகிப்போனது. வீடு முழுக்கப் புகை, அவருக்கு மட்டும் வாசனை தெரியவில்லை.

பிறகு மதுரைக்குப் போய் வயிற்றில் இருந்த எலும்பை எடுத்துத் தலையில் மாட்டிவந்தோம். பக்கவாட்டில் குழியாக இருந்த தலை உருண்டையானது. சிலருக்கு எலும்பு வைத்த பிறகு கொஞ்சம் தெளிவு வரும் என்றார்கள். அவருக்கும் வந்தது. ஒருநாள் யாரும் சொல்லாமலே எழுந்துபோய் டூல்ஸ் பையைத் திறந்து ஸ்பேனர்களை வரிசையாக எடுத்து வைத்தார். ஆனால் 'நீங்க'வும் 'இவுக'வும் அப்படியே இருந்தன. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். அடுத்த செக்கப்புக்கு மூன்று மாசம் கழித்து வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் போக ரோட்டைக் கடக்க வேண்டும். பவித்ராவுக்கு விஷயத்தைச் சொல்வதற்காக நான் போனை நோண்டிக்கொண்டே காலை எடுத்து வைத்துவிட்டேன்.

முழங்கையை யாரோ பிய்த்து எடுப்பது போல் இழுத்தார்கள்.

"ஏட்டி! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?"

ஹாரன் அடித்தபடி ஒரு பஸ் என் முந்தானையை உரசுகிற மாதிரி போனது. நான் திரும்பினேன். என் கை அவர் பிடியில். முகம் சிவந்திருந்தது, மூச்சு வாங்கியது. என் தங்கப்பாண்டி. அச்சு அசலாக என் தங்கப்பாண்டி.

அடுத்த நொடி அந்த முகம் சாந்தமானது. கையை விட்டுவிட்டார். "மன்னிச்சுக்கோங்க, இழுத்துட்டேன். வலிக்கா?"

"இப்ப என்ன சொன்னீங்க?"

"பஸ் வருதுன்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னால?"

யோசித்தார். உண்மையிலேயே தேடினார். "ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை அவருக்கு. ஆனால் இருக்கிறது. அது போதும், மிச்சமெல்லாம் ஆசை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெண்களுக்குக் காசு வாங்காத ராஜபாளையம் டவுன் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் நான், பக்கத்தில் அவர். முழங்கை வலித்தது. தடவிவிடக்கூட மனசில்லாமல் அந்த வலியை அப்படியே வைத்துக்கொண்டேன். கண்டக்டர் வந்தார்.

"ராஜபாளையம் ஒண்ணு" என்று என் வீட்டுக்காரர் சில்லறையை நீட்டினார். பிறகு என் பக்கம் தலையை ஆட்டி, "இவளுக்கு அந்த ஓசி டிக்கெட்டக் கிழிங்க" என்றார்.

இவளுக்கு.

சொன்னவர் பாட்டுக்குச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்குப் பொலபொலவென்று கண்ணில் கொட்டியது. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தும் முடியவில்லை. கண்டக்டர் பதறிப்போனார்.

"ஏம்மா, டிக்கெட் ஃப்ரீதான? அதுக்கு எதுக்கும்மா இப்படி அழுவுறீங்க?"

என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அவ அப்படித்தாண்ணே, நீங்க போங்க" என்றார்.